ஜோடி மாறும் ஆட்டங்கள்: கான்ட்ரா காலரிடம் கேள்வி பதில்

கே: கான்ட்ரா என்றாலே எனக்குத் தெரியாது. இதில் ஜோடி மாறுவது எப்படி?

ப: அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் வேரூன்றிய ஆட்டம் இது. கூடத்தின் நீளத்துக்கு இரண்டு வரிசை நிற்கும். மேடையில் ஃபிடில், பியானோ. அடுத்து என்ன ஆடுவது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பவர் காலர். சுற்றுக்குச் சுற்று எதிரே வரும் ஆட்கள் மாறுவார்கள், உங்கள் ஜோடி மட்டும் கடைசிவரை கூட இருப்பார். அவரையும் மாற்றிவிடும் ஆட்டம்தான் மிக்ஸர். பெரும்பாலும் வட்டமாக நின்று ஆடுவது.

கே: அக்கா, அடுத்த மாதம் முதல் தடவையாக மேடை ஏறுகிறேன். எந்த மிக்ஸரில் தொடங்கலாம்?

ப: சர்க்காசியன் சர்க்கிள். எல்லோரும் ஒரே வட்டமாக, லார்க்குக்கு வலப்பக்கம் அவருடைய ராபின். (ஜோடியில் ஆளுக்கொன்றாக வரும் இரு பங்குகளுக்கு இப்போது பல ஊர்களில் வழங்கும் பெயர்கள் இவை. ஆணோ பெண்ணோ, எதை வேண்டுமானாலும் ஆடலாம்.) முதல் 16 தாளத்தில் எல்லோரும் நடுவுக்குப் போய்ப் பின்வாங்குவது, இரண்டு தடவை. அடுத்த 8-ல் ராபின்கள் மட்டும் போய் வருவார்கள். அதற்கடுத்த 8-ல் லார்க்குகள் உள்ளே போய், திரும்பும்போது பழைய ஜோடியிடம் வராமல் இடப்பக்கத்து ராபினிடம் வருவார்கள். அவரோடு 16 தாளம் ஸ்விங், அதாவது பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுழல்வது. பிறகு 16 தாளம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ப்ரொமனேட், அதாவது ஜோடியாக வட்டத்தில் நடப்பது. மொத்தம் 64, பாட்டும் சரியாக அங்கே முடியும்.

கவிழ்வது ஒரே இடத்தில்தான். நடுவைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம் இருந்த ராபின், லார்க் உள்ளே போய் முகம் திரும்பியதும் வலப்பக்கம் ஆகிவிடுவார். நீங்கள் மைக்கில் ‘இடது’ என்று கத்தினால் பாதிப்பேர் தப்பான பக்கம் ஓடுவார்கள். அதனால் திசையைச் சொல்லாதீர்கள், ஆளைக் காட்டுங்கள். பாட்டு தொடங்குமுன் லார்க்குகள் எல்லோரும் இடப்பக்கத்தவரைப் பார்த்துக் கையசைக்கட்டும், ‘அடுத்து இவர்தான்’ என்று. அப்புறம் இசையில்லாமல் ஒருமுறை நடக்கவிட்டு, அந்த மாற்றத்தை மட்டும் மறுபடி நடக்கவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

கே: அழைப்பை எப்போது சொல்வது? நான் சொல்லி முடிப்பதற்குள் இசை தாண்டிப் போய்விடுகிறது.

ப: நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் ஒரு முழுச் சுற்று 32 நொடிதான். முந்தைய அசைவின் கடைசி நாலு தாளத்துக்குள் அழைப்பு முடிந்திருக்க வேண்டும். ‘ஸ்விங்’ என்ற சொல் போதும், வாக்கியம் வேண்டாம். நாலைந்து சுற்றில் கூட்டம் பிடித்துக்கொண்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆனால் ஜோடி மாறும் இடத்தில் மட்டும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

கே: தொடக்கக்காரர்களுக்கு எந்த மிக்ஸர் நல்லது?

ப: மேலே சொன்னதுதான். அது அலுத்தால் லா பாஸ்ட்ராங், கியூபெக்கிலிருந்து வந்தது. அதிலும் ஆளைக் காட்டுங்கள்.

கே: ஸ்விங்கில் தலை சுற்றுகிறது.

ப: சுவரைப் பார்க்காமல் ஜோடியின் முகத்தையோ காதையோ பாருங்கள். நின்ற பிறகும் சுற்றினால் டாக்டரிடம் போங்கள்.

கே: மிக்ஸரே தேவையில்லை என்பது என் கட்சி. வரிசையில்தான் எல்லோரோடும் ஆடிவிடுகிறோமே? விரும்பிக் கேட்ட ஜோடியை அரை நிமிடத்தில் பிடுங்குவது என்ன நியாயம்?

ப: பாதி ஒப்புக்கொள்கிறேன். மாசசூசெட்ஸில் கிரீன்ஃபீல்டின் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் போல, பழகியவர்கள் குவியும் கூடத்தில் நான் மிக்ஸர் எடுக்கமாட்டேன். எடுத்தால் தேர்ந்த கால்கள் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடும். ஆனால் நீங்கள் சொல்லும் ‘விரும்பிக் கேட்ட ஜோடி’ புதிதாக வந்தவருக்கு ஏது? அவர் சுவரோரம் நிற்கிறார். வரிசையில் சேரவே ஒரு ஜோடி வேண்டுமே.

கே (அவரே): அப்படியானால் காலர் கீழே இறங்கி, பழகியவர்களைப் புதியவர்களிடம் அனுப்பலாமே.

ப: அனுப்பிப் பாருங்கள், தயவுக்கு ஆடுகிற முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். மிக்ஸரில் அந்தத் தயவு கிடையாது, எல்லோருக்கும் எல்லோரும் வருவார்கள்.

கே (இன்னொருவர்): என்னை வேண்டாத பிடி பிடிக்கிற ஒருவர் வருகிறார். மிக்ஸர் என்றால் அவரிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதா?

ப: இதற்கு என்னிடம் எதிர்வாதமே இல்லை. வெளியேற எந்த நேரமும் உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. ஸ்விங்குக்குப் பதில் இரு கை பிடித்துச் சுற்றலாம் என்று காலர் எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்க வேண்டும். அந்த ஆளைப் பற்றி நடத்துபவர்களிடம் இன்றே சொல்லுங்கள், பேசவேண்டியது அவர்கள் வேலை. கட்சி கட்டுகிறவர்களுக்கு: இரவுக்கு ஒரே மிக்ஸர், அதுவும் இரண்டாவது மூன்றாவது ஆட்டமாக. இரவை முடிக்கும் ஜோடி ஆட்டமான கடைசி வால்ட்ஸுக்கு முன்னால் வைக்கவே வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவரவருக்கு ஆள் மனதில் இருக்கும்.

கே: நடுவில் ஜோடியைத் தொலைத்தவர் என்ன செய்வார்?

ப: கையை உயர்த்திக்கொண்டு வட்டத்தின் நடுவுக்கு வரட்டும், அங்கே இன்னொருவர் இருப்பார். பழைய ஜோடியைத் துரத்திக்கொண்டு ஓடக்கூடாது.

கே: அடுத்த ஜோடி இடமா, வலமா?

ப: ஆளைக் காட்டுங்கள்.

கே: நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் டான்ஸிலும் இப்படி உண்டா?

ப: உண்டு. அதை ஸ்கொயர் காலரிடம் கேளுங்கள்.

கே: மனைவியோடு வருகிறேன், அவரை விட மனமில்லை. ஆனாலும் எல்லோரையும் சந்திக்க வேண்டும்.

ப: சிசிலியன் சர்க்கிள் வைக்கச் சொல்லுங்கள். ஜோடிக்கு எதிர் ஜோடியாக வட்டத்தில் நின்று, சுற்றுக்கு ஒரு ஜோடியைக் கடந்து போவீர்கள். மனைவி கூடவே வருவார்.