கூகுளில் இருக்கும் படங்கள் கணினிக்கு வருமா?

கேள்வி: கூகுள் போட்டோஸில் சேர்ந்துள்ள பத்தாண்டுப் படங்களைக் கணினிக்கு மாற்ற விரும்புகிறேன். மழைக்காலத்தில் இங்கே இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கூகுளில் உள்ள நம் தரவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள உதவும் ‘கூகுள் டேக்அவுட்’ பக்கத்தில் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, கோப்பின் அளவை 2 ஜிபி என்று குறித்துவிட்டால், படங்கள் சிறுசிறு ஜிப் கோப்புகளாகப் பிரிந்து வரும் என்பதால், நடுவில் இணைப்பு அறுந்தாலும் அந்த ஒரு கோப்பை மட்டும் மீண்டும் இறக்கினால் போதும். அவற்றை இறக்குவதற்காக மின்னஞ்சலில் வரும் சுட்டி சுமார் 7 நாள்களே செயல்படும். படங்களோடு வரும் ஜேசன் (.json என்று முடியும் சிறு எழுத்துக் கோப்பு) கோப்புகளைக் குப்பையென்று பலர் அழித்துவிடுகிறார்கள். படமெடுத்த தேதியும் இடமும் அவற்றிலும் பதிவாகியிருக்கும்; கூகுள் போட்டோஸில் நீங்கள் திருத்திய தேதியும் இடமும் அவற்றில்தான் இருக்கும். இன்னொரு பிரதியை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, மலையின் ஈரம் தாக்காதபடி, தேயிலைத்தூளை வைப்பதுபோலவே காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். இரண்டு பிரதிகளையும் திறந்து பார்க்கும்வரை கூகுளில் எதையும் அழிக்க வேண்டாம்.