அடங்காப்பிடாரி – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் ஒரு பெண்மணியை வைத்துக் கதை எழுதியிருக்கிறேன். தலைப்பு ‘அடங்காப்பிடாரி’. சண்டைக்காரி என்ற பொருளுக்கு இந்தச் சொல் பொருந்துமா? நடுவில் ‘ப்’ வருமா? ஆண்களுக்கும் சொல்லலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

‘ப்’ வரும். ‘அடங்காத’ என்பதன் ஈறு கெட்டு நிற்பதால் வல்லினம் மிகும். ஆண்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. சண்டை போடும் ஆணுக்கு நம் ஊரில் ரோஷக்காரன் என்று பெயர்.

அண்ணாச்சி என்று எழுதிவிட்டாய், அந்த உரிமையில் ஏசுகிறேன். ‘எதற்கெடுத்தாலும்’ என்கிறாய். எதற்கு என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

பிடாரி ஊரைக் காக்கும் தெய்வம். முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களோடு பிடாரி கோயில்களும் வருகின்றன. நம் பக்கத்து முப்பிடாதி அம்மன் பெயரிலும் எனக்கு அந்த ஒலி கேட்கிறது. கோயில் கொடைத் திருவிழா நாளில் அவள் முன்னால் கைகட்டி நிற்கிற ஊர்தான், குரல் உயர்த்திய பெண்ணை அவள் பெயரால் வைகிறது.

முக்கூடலில் என் சித்தி பீடி சுற்றினார். ஆயிரம் பீடி கொண்டுபோனால், கடையில் இருப்பவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, மடிப்பு சரியில்லை, தூள் குறைவு என்று ஒரு கை அள்ளித் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்வார். அதற்குக் கூலி கிடையாது. பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. அந்தத் திண்ணைவரை வரவில்லை. ஒருநாள் சித்தி சொன்னார்: “கழித்த பீடியை என் கண் முன்னால் நசுக்கிப் போடுங்கள். நசுக்க மனம் வரவில்லை என்றால் அது நல்ல பீடி, கூலியைக் கொடுங்கள்.”

சண்டை அவ்வளவுதான். அதற்குக் கடைக்காரர் திருப்பிச் சொன்ன சொல்தான் உன் கதைக்குத் தலைப்பு. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வீட்டில் அதிர்ந்து பேசாத சித்தி, வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். காலித் தட்டை நான் தூக்கி வந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

உனக்குக் கண் இருக்கிறது, மொழியும் இருக்கிறது. சோம்பலை மட்டும் விடு. அந்த அம்மாளின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார். தண்ணீருக்கா, வாடகைக்கா, பிள்ளைக்கா, எதற்காகச் சண்டை போடுகிறார் என்று கேள். கேட்டுவிட்டுக் கதையைத் திரும்ப எழுது. அதற்குப் பிறகும் தலைப்பு அதுவேதான் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.