இன்டர்வியூவில் மட்டும் தலை காலியாகிவிடுகிறதே, டாக்டர்?

கேள்வி: வயது 27. இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. போன முறை என் ப்ராஜெக்ட் பெயரே வரவில்லை. வெளியே படி இறங்கும்போது வந்தது. தாத்தாவுக்கு மறதி நோய் இருந்தது. நெட்டில் படித்ததும் பயமாகிவிட்டது. கண்ணும் துடிக்கிறது. அடுத்த இன்டர்வியூவுக்குப் போகவில்லை. தோழி படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை கொடுத்திருக்கிறாள். எனக்கு வீசிங் உண்டு.

பதில்: தாத்தாவுக்கு வந்தது இப்படி வராது. படி இறங்கும்போதே அந்தப் பெயர் வந்துவிட்டது பாருங்கள், நினைவு பத்திரமாகத்தான் இருக்கிறது.

கவனத்தைப் பிடித்து நிறுத்துவதும் வேண்டாத எண்ணத்தைத் தள்ளி வைப்பதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை. திடீர்ப் பதற்றத்தில் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் எகிறினால் முதலில் தடுமாறுவதும் அதுதான். அந்த நேரம் பார்த்து ‘மறந்துவிடுவேனோ’ என்ற பயம் நுழைந்தால், பதிலுக்கு வேண்டிய இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தார் 1993இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முகத்தில் சிரிப்பே காட்டாத சிலர் முன் நின்று பேச வேண்டும். அப்புறம் 1022இலிருந்து 13 13ஆகக் கழித்துச் சொல்ல வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே நாடி எகிறி, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடிவிடும். உங்கள் இன்டர்வியூ அறையும் அப்படித்தான்.

கண் துடிப்பை விடுங்கள், நன்றாகத் தூங்கினால் பெரும்பாலும் போய்விடும்.

அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். ப்ரோப்ரனலால் வீசிங் உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தோழிக்கு எழுதித் தந்த டாக்டர் உங்கள் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தாரா?

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகாமல் விட்ட அந்த ஒரு இன்டர்வியூதான். அன்று வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதி பழகிவிட்டால், அடுத்த முறை தெருமுனை வரை போவதே பாடாகிவிடும். இந்த மாதமே ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். பேச்சு வழிச் சிகிச்சை இதற்கு நன்றாகக் கேட்கும். வீட்டில் யாராவது ‘பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா?’ என்றால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

அதுவரை தினமும் யாராவது ஒருவர் முன் நின்று, ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டு நிமிடம் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்வது போதாது. வாய்க்குப் பழகிய வரி பதற்றத்திலும் வரும். அடுத்த அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். தடுமாறினாலும் சரி, பாதியில் எழுந்து வராதீர்கள்.