மதிப்பெண் சுமார்தான், பல்கலைக்கழக விண்ணப்பத்தை எப்படி வலுவாக்குவது?

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் கணக்கு. 2026 சேர்க்கையிலிருந்து ஏ லெவல் தேர்வின் (தொடக்கக் கல்லூரி இறுதித் தேர்வு) சேர்க்கை மதிப்பு 90க்கு அல்ல, 70க்கு: மூன்று எச்2 (முதன்மை நிலை) பாடங்களுக்குத் தலா 20, ஜெனரல் பேப்பர் என்ற பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேரும். அதனால் தமிழில் நல்ல கிரேடு இருந்தால் லாபமே தவிர நட்டமில்லை. பலர் இதைக் கவனிப்பதில்லை!

அப்புறம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெளியிடும் கிரேடு பட்டியலைப் பாருங்கள். சென்ற ஆண்டு ஒவ்வொரு படிப்பிலும் இடம் பெற்றவர்களின் 10ஆம், 90ஆம் சதமானக் கிரேடுகள், அதாவது ஏறக்குறையக் கீழ் எல்லையும் மேல் எல்லையும், அதில் இருக்கும். மகளின் கிரேடு கீழ் எல்லையை ஒட்டியிருந்தால், திறன் அடிப்படைச் சேர்க்கைக்கான (மதிப்பெண்ணைத் தாண்டி ஆர்வத்தையும் திறனையும் பார்க்கும் முறை) கட்டுரைகள்தான் கைகொடுக்கும்.

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்துச் சான்றிதழ்களை அடுக்குவதைவிட ஒன்றை ஆழமாகச் சொல்வது மேல். சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) துணைப்பாட வகுப்பில் தொண்டூழியம் செய்தாளா? “தலைமைத்துவம் கற்றேன்” என்று எழுத வேண்டாம். பின்னக் கணக்கு புரியாத ஒரு பிள்ளைக்கு அவள் எதை மாற்றிச் சொல்லிக்கொடுத்தாள், அது பலித்ததா, இல்லையா என்று எழுதட்டும். பலிக்காததையும் எழுதலாம், நேர்காணலில் அதைத்தான் துருவுவார்கள். நீங்கள் திருத்தித் தராதீர்கள். அப்பாவின் நடை தெரிந்துவிடும்.

தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்ப முடிவு நாளுக்குச் சில வாரங்களே இருக்கும். கட்டுரைகளை டிசம்பர் விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.