ஊர்ல இருந்து வந்த அம்மாவோட லிஸ்பன்ல மூணு நாள் - எப்படி பிளான் பண்றது?

கேள்வி இதுதானே: மியூனிக்ல இருந்து ஒரு லாங் வீக்கெண்ட், கையில முழுசா மூணு நாள், ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மாவும் கூட வர்றாங்க, அவங்களுக்கு முட்டி வலி, சைவம் வேற, போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் சரிப்படுமா, பக்கத்து மலையூர் சின்ட்ராவையும் சேர்த்துக்கலாமா. லிஸ்பன் தாராளமா சரிப்படும். சின்ட்ராவை மட்டும் இந்தத் தடவை விட்டுடுங்க, காரணம் கீழ சொல்றேன்.

லிஸ்பனுக்கு பிளான் போடும்போது மேப்ல தூரத்தைப் பார்க்காதீங்க, மேட்டைப் பாருங்க. ஐநூறு மீட்டர்தான்னு காட்டும், கிளம்பிப் போனா பாதி வழி படிக்கட்டா இருக்கும். நாங்க மாமியாரோட போயிருந்தோம், அவங்களுக்கும் முட்டி பிரச்சினைதான், ஏறுறதைவிட படியில இறங்குறப்பதான் ரொம்ப வலிக்கும்னு சொல்லுவாங்க. அதனால "டாக்சில ஏறிட்டு நடந்து இறங்கிக்கலாம்"னு நிறைய பேர் சொல்ற ஐடியா உங்க அம்மாவுக்கு ஒத்துவராது. ஏறுறது இறங்குறது ரெண்டையும் பஸ், லிஃப்ட், எஸ்கலேட்டர்கிட்ட விட்டுட்டு சமதளத்துல மட்டும் நடக்கற மாதிரி நாளைப் பிரிங்க, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

ரூம் பைஷாவுல போடுங்க, ஊர் நடுவுல சமதளமா இருக்கிற ஏரியா அது, ரோசியோ இல்லன்னா ஃபிகெய்ரா சதுக்கம் பக்கத்துல. அல்ஃபாமாங்கற பழைய மேட்டு ஏரியால ஜன்னல்ல துணி காயற சந்து போட்டோவெல்லாம் பார்த்தா அங்கேயே தங்கணும்னு தோணும், ஆனா நிறைய சந்துல கார் உள்ள வராது, பெட்டியைத் தூக்கிக்கிட்டு படி ஏறணும். பைஷா மட்டும் ஏன் கட்டம் போட்ட மாதிரி நேர் நேர் தெருவா இருக்குன்னா, 1755 நவம்பர் 1 காலையில, புனிதர் எல்லாருக்குமான திருநாள், சர்ச்செல்லாம் ஜனமா இருந்த நேரத்துல பெரிய நிலநடுக்கம் வந்துச்சு, பின்னாடியே ஆத்து வழியா சுனாமி, அப்புறம் நாள் கணக்கா தீ. அதுக்கப்புறம் பொம்பால்ங்கற மந்திரி பொறுப்புல அந்த ஏரியாவையே புதுசா கட்டுனாங்க, சுவருக்குள்ள மரச்சட்டக் கூண்டு வச்சு, ஆடினாலும் விழாத மாதிரி. பழைய கட்டடம்கறதால புக் பண்றதுக்கு முன்னாடி லிஃப்ட் இருக்கான்னு மட்டும் கண்டிப்பா கேளுங்க. ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 4 யூரோ சிட்டி டாக்ஸ் தனியா வரும்.

இப்போ மேட்டு விஷயம். பைஷா-சியாடோ மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள கீழ பைஷா பக்கம் நுழைஞ்சா எஸ்கலேட்டர்லயே மேட்டு மேல இருக்கிற சியாடோ ஏரியாவுக்குப் போயிடலாம், அதுக்கு டிக்கெட் வேண்டாம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் கார்மோ, அந்த நிலநடுக்கத்துல கூரை விழுந்த சர்ச்சை அப்படியே திறந்த வானத்தோட விட்டு வச்சிருக்காங்க. லிஸ்பன்ல ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும்னா நான் இதைத்தான் சொல்லுவேன். சாந்தா ஜுஸ்தா லிஃப்ட் (1902ல கட்டுனது) மேல்தளம் திறந்திருந்தா கார்மோ பின்பக்கமா நேராவே போயிடலாம், கீழ நிக்கிற நீள க்யூல நீங்க நிக்கத் தேவையில்ல.

மலை மேல இருக்கிற செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு ஃபிகெய்ராவுல இருந்து 737 பஸ். ஃபாங்கெய்ரோஸ் தெருவுல இருந்து இலவச லிஃப்ட்டும் இருக்கு, ஒண்ணு ஏறி கொஞ்சம் நடந்து இன்னொண்ணு ஏறுனா பாதி மலை முடிஞ்சிடும். மேட்டுச் சந்து வழியா போற பழைய 28 நம்பர் டிராமை எல்லாரும் சொல்லுவாங்க, அது கிளம்புற மார்ட்டிம் மோனிஸ்ல போய் நின்னா க்யூ பெருசு, நின்னுக்கிட்டேதான் வரணும், பிக்பாக்கெட்டும் அதிகம். அதுக்கு பதிலா அந்த லைனோட மறுமுனை காம்போ தெ ஒரிக், அங்க டாக்சில போயிட்டு காலையிலேயே ஏறுங்க, அம்மாவுக்கு ஜன்னல் சீட்டே கிடைக்கும். ஊர் பூரா எலெக்ட்ரிக் டுக்டுக் ஓடுது, நம்ம ஆட்டோவேதான், ரேட்டை மட்டும் முதல்லயே பேசிடுங்க.

பெலேமுக்கு ஒரு நாள் வச்சுக்கோங்க, அது ஆத்தங்கரை, முழுக்க சமதளம், 15 நம்பர் டிராம் நேரா போகுது. அங்க ஜெரோனிமோஸ் மடத்து சர்ச்சுல வாஸ்கோ ட காமா கல்லறை இருக்கு. 1524ல கொச்சில செத்து முதல்ல அங்கதான் புதைச்சாங்க, அப்புறம்தான் உடலை இங்க கொண்டு வந்தாங்க. ஃபோர்ட் கொச்சி செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சைப் பார்த்திருந்தா அம்மாவுக்கு டக்குனு புரிஞ்சிடும். நமக்கு இன்னொரு விஷயமும் இருக்கு: 1554ல தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்துல போட்டு ஒரு ஜெபப் புத்தகம் அச்சடிச்சது இதே லிஸ்பன்லதான், நம்ம முத்துக்குளித்துறை ஜனங்களுக்காக. அச்சேறிய முதல் தமிழ்னு அதைத்தான் சொல்றாங்க. எனக்கு அந்த ஊர் மேல தனிப் பிரியம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

கிழமை முக்கியம். ஜெரோனிமோஸ் திங்கள் லீவு, கார்மோ ஞாயிறு லீவு. உங்க மூணு நாள் சனி ஞாயிறு திங்கள்னா சனிக்கிழமை கார்மோ, ஞாயிறு பெலேம், திங்கள் கோட்டைப் பக்கம்னு மாத்திப் போடுங்க. பெலேம் கோபுரம் ரிப்பேர் வேலைக்காக மூடினாங்க, திறந்துட்டாங்களான்னு பார்த்துட்டு கிளம்புங்க.

சின்ட்ரா ஏன் வேண்டாங்கறேன்னா, ரோசியோவுல இருந்து ரயில் நாப்பது நிமிஷம்தான், ஆனா ஸ்டேஷன்ல இறங்குனதும் மலைக்கு இன்னொரு பஸ், பெனா அரண்மனைக்குள்ள போக நேரம் குறிச்ச டிக்கெட், கேட்ல இருந்து மேல ஏத்தம், திரும்பி வர்றதுக்குள்ள நாளே போயிடும், அம்மாவுக்கு மறுநாளும் போயிடும். அதுக்கு பதிலா ஒரு அரை நாள் ஒதுக்கி கைஷ் தொ சொத்ரே ஸ்டேஷன்ல இருந்து கஷ்கைஷ்ங்கற கடற்கரை ஊருக்குப் போற ரயில்ல ஏறுங்க, ஆத்தையும் கடலையும் ஒட்டியே போகும். அதுவும் அதிகம்னா அங்கேயே பக்கத்துல இருக்கிற படகுல பத்து நிமிஷத்துல ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற காசில்யாஷ் போயிட்டு வாங்க, மொத்த ஊரும் எதிர்க்கரையில தெரியும்.

சாப்பாடு நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. அந்த ஊர்க்காரங்க நல்லா அரிசி சாப்பிடுறவங்க, அரோஸ் தெ தொமாத்தேன்னு கேட்டா தக்காளி சாதமே வரும், கறி மீன் எதுவும் சேர்க்காததான்னு மட்டும் கேட்டுக்கோங்க. கால்தோ வெர்தே கீரை சூப்தான், ஆனா மேல சாசேஜ் துண்டு போடுவாங்க. பாஷ்டெல் தெ நாத்தா உள்ள முழுக்க முட்டை மஞ்சக்கரு, அம்மா முட்டை சாப்பிட மாட்டாங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க. உக்கார்ந்ததும் கேக்காமலே பிரெட், ஆலிவ் வைப்பாங்க, தொட்டா பில்லுல வரும், வேண்டாம்னா எடுத்துட்டுப் போகச் சொல்லலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மார்ட்டிம் மோனிஸ் பக்கம் பென்ஃபோர்மோசோ தெருவுல நம்ம பக்கத்து மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை நிறைய. லுமியார்ல ராதா கிருஷ்ணா கோயில் இருக்கு, மொசாம்பிக் வழியா வந்த குஜராத்திக்காரங்க கட்டுனது, அங்க சைவ கேன்டீனும் உண்டு.

பேப்பர் விஷயம்: ஷெங்கனுக்குள்ளதான் போறீங்க, தனி விசா வேண்டாம், ஆனா அம்மா விசாவுல கடைசித் தேதி மட்டும் பார்க்காம எத்தனை நாள் தங்கலாம்னு போட்டிருக்கிற நம்பரையும் எண்ணிப் பாருங்க. பாஸ்போர்ட், உங்க ரெசிடென்ஸ் பெர்மிட் ரெண்டும் கையில இருக்கணும். அம்மாவுக்கு செருப்பு வேண்டாம், நல்லா கிரிப் இருக்கிற ஷூ வாங்கிக் கொடுங்க, நடைபாதை பூரா வழவழன்னு சுண்ணாம்புக்கல், மழை பேஞ்சா வழுக்கும். ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கோங்க, சாயங்காலம் அட்லாண்டிக் காத்து நல்லாவே குளிரும்.