ஐஸ் பெட்டியில் வந்த மீனுக்கு ஊர் எது?

கேள்வி: பென்னாகரத்தில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கடல் மீனுக்கு வியாபாரிக்கே பெயர் சொல்லத் தெரியவில்லை. கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறேன். அது அரிய மீன் என்றால், தமிழகக் கடலில் முதன்முறையாகக் கிடைத்ததாகப் பதிவு செய்ய முடியுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: படத்தை மட்டும் கொண்டு முடியாது, மீனே கையில் இருந்தாலும் எளிதன்று. இன்ன மீன் இன்ன கடலில் உண்டு என்று எழுத, வலை எங்கே, எவ்வளவு ஆழத்தில், என்றைக்கு விழுந்தது என்பது தெரிய வேண்டும். ஒகேனக்கலில் தூண்டிலில் சிக்கிய கெண்டைக்கு ஊர் கேட்க வேண்டியதில்லை. லாரியில் வந்த பெட்டியிலோ கிழக்குக் கரை மீனும் மேற்குக் கரை மீனும் கலந்திருக்கலாம்.

சந்தையில் தொடங்கிய பதிவும் உண்டு. 1938-இல் தென்னாப்பிரிக்காவிலும் 1952-இல் கொமோரோ தீவுகளிலும் கிடைத்த சீலகாந்த் மீன் (எப்போதோ அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பழங்கால மீன் வகை), அங்கிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தள்ளி, இந்தோனேசியாவின் மனாடோ சந்தையில் 1997 செப்டம்பரில் ஆய்வாளர் மார்க் எர்ட்மன் தம்பதியர் கண்ணில் பட்டது. அவர்களும் உங்களைப் போலவே படம்தான் எடுத்தார்கள், மீனை வாங்கவில்லை. பிறகு எர்ட்மன் மாதக்கணக்கில் மீனவர்களை விசாரித்தார். அவர்களோ அதை முன்பே ‘ராஜா லாவுத்’, அதாவது கடலரசன், என்று அழைத்து வந்திருக்கிறார்கள். (புதிது என்பதெல்லாம் நமக்குத்தான்!) 1998 ஜூலை 30 அன்று மனாடோ துவா தீவருகே, சுறாவுக்காக ஆழத்தில் இட்ட வலையில் ஒன்று சிக்கிய பிறகே பதிவு உறுதியானது, 1999-இல் அது தனி இனமாகப் பெயர் பெற்றது.

மீண்டும் அப்படி ஒரு மீனைக் கண்டால், செதில் உரசுமுன் முழுதாக வாங்கிவிடுங்கள். நிறம் மங்குவதற்குள், அருகில் அளவுகோல் வைத்து, துடுப்புகளை விரித்துப் படம் எடுங்கள். 1952-இல் கிடைத்த சீலகாந்துக்கு முதுகின் முதல் துடுப்பு இல்லாததால், அதை வேறு பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) என்றே தென்னாப்பிரிக்க மீனியல் பேராசிரியர் ஸ்மித் பெயரிட்டுவிட்டார். பின்னர்தான் அது 1938-இல் கிடைத்த அதே இனம் என்று தெரிந்தது. சிறு சதைத் துண்டை ஆல்கஹாலில் போடுங்கள். ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். மீனை ஐஸில் வைத்து, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னைக் கடல் உயிரியல் மையத்துக்குத் தெரிவியுங்கள்; காப்பகத்தில் பதிவு எண்ணோடு உடல் இருந்தால்தான் பின்னால் வருபவர் சரிபார்க்க முடியும்.

இப்போதைக்கு, அந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் ஏறியது என்று வியாபாரியிடம் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.