டயருக்குப் பூசும் கருப்புப் பாலிஷ்: எதை வாங்குவது, எப்படிப் பூசுவது?

கேள்வி: திங்கள்சந்தையில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஓடும் சிறிய கார் வைத்திருக்கிறேன். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் டயரில் ஏதோ பூசிப் பளபளவென்று தருகிறார்கள். இரண்டே நாளில் டயர் பழுப்பேறி விடுகிறது, கதவின் அடிப்பகுதியிலும் கருப்புப் புள்ளிகள் தெறித்திருக்கின்றன. நானே வாங்கிப் பூச விரும்புகிறேன். எந்த வகை நல்லது? டீசலைத் துணியில் நனைத்துத் துடைத்தாலே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது சரியா?

பதில்: டீசல் வேண்டாம். ரப்பர் விளையும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதால் அதன் காரணத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குலசேகரம் பக்கம் உலர்த்தி விற்கும் ரப்பர் ஷீட்டிலிருந்து விரலளவு துண்டு ஒன்றை வெட்டி, ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். காலையில் அது பருத்துக் கொழகொழவென்று கிடக்கும். டயர் என்பது கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய ரப்பர் என்பதால் அந்த அளவுக்கு இளகாது என்றாலும், அதன் பக்கச் சுவரில் இயற்கை ரப்பர் கணிசமாகக் கலந்திருப்பதால், டீசல், மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் ஆகிய மூன்றுமே அதற்குள் ஊறிக் கெடுதல் செய்யும். தேங்காய் எண்ணெய் பூசுவோரும் உண்டு. மறுநாளே புழுதி அப்பி, சில நாளில் சிக்கு வாடையும் அடிக்கும்.

கடையில் கிடைக்கும் டயர் பாலிஷ்கள் பெரும்பாலும் சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்டவை. அந்தச் சிலிக்கோன் எதில் கலந்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெட்ரோலியக் கரைப்பானில் கலந்த வகை எண்ணெய்போலத் தெளிவாக இருக்கும், மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் நெடி வீசும், கண்ணாடிபோல மினுக்கும், மழையையும் ஓரளவு தாங்கும். ஆனால் எளிதில் காயாது. நீரில் கலந்த வகையோ ரப்பர் பாலைப் போலவே வெள்ளையாக இருக்கும். பாலில் ரப்பர் துகள்கள் நீரில் மிதப்பதுபோல இதில் சிலிக்கோன் மிதக்கிறது. நீர் ஆவியானதும் மெல்லிய படலம் மட்டும் தங்கி, புது டயருக்குரிய மங்கலான கருமையைத் தரும்.

உங்களுக்கு நான் சொல்வது நீரில் கலந்த வகையைத்தான். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவத்திலும் மழை உண்டு என்பதால் அது விரைவில் கழுவிப் போகும் என்பது உண்மையே. ஆனாலும் ஆரல்வாய்மொழிக் காற்று அள்ளி வரும் புழுதியும், முட்டம், குளச்சல் போகும்போது கிளம்பும் கடற்கரை மணலும் பிசுபிசுப்பான டயரில் ஒட்டிக்கொண்டால், பூசாத டயரைவிட அது அசிங்கமாகத் தெரியும்.

பழுப்பு நிறத்திற்கு வருவோம். ரப்பர் வெடிக்காமல் இருக்க, டயரைத் தயாரிக்கும்போதே ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் மெழுகையும் அதில் சேர்க்கிறார்கள். அவை சிறிது சிறிதாக மேற்பரப்புக்கு வந்து காற்றுபட்டுப் பழுப்பாக மாறுகின்றன. இது டயரின் பழுதன்று, அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. அந்தப் பழுப்பின் மேலும் பழைய பாலிஷின் மேலும் புதிதாகப் பூசினால் இரண்டு நாளில் அடியிலிருப்பது வெளியே தெரியத்தான் செய்யும். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் பெரும்பாலும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு ஈரத்தின் மேலேயே பூசிவிடுகிறார்கள் என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

ஆகவே வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். நிழலில், டயர் சூடாறிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கார் ஷாம்பு அல்லது பொதுவான கிளீனர் தெளித்து, சற்று விறைப்பான பிரஷால் எழுத்துகளின் இடுக்குவரை தேயுங்கள். முதலில் வரும் நுரை பால் சேர்க்காத கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். அலசிவிட்டு மறுபடியும் தேயுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை நிறுத்த வேண்டாம், முதல் தடவை மூன்று நான்கு முறைகூட ஆகலாம். பிறகு துணியால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள்.

பாலிஷை டயரின் மேல் நேரடியாக ஊற்றாமலும் பீய்ச்சாமலும் ஸ்பாஞ்சில் எடுத்துப் பூச வேண்டும். என் கணக்கில் ஒரு டயருக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம். பூசி இருபது நிமிடம் கழித்துக் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, எஞ்சியதை எடுத்துவிடுங்கள். கதவில் புள்ளி விழுவது இந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிடுவதால்தான். சக்கரம் சுழலும்போது மிஞ்சிய பாலிஷ் அப்படியே தெறிக்கிறது. வெள்ளைத் தாளை டயரில் அழுத்திப் பார்த்து, ஈரக் கறை படியாவிட்டால் வண்டியை எடுக்கலாம். ஏற்கெனவே விழுந்த புள்ளிகளை ஷாம்பு நீரில் ஊறவைத்துத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் பெயின்ட்டில் கீறல் போடும்.

சாலையில் படும் பகுதியிலும் பிரேக் டிஸ்கிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது, வழுக்கும். பைக் டயருக்கு இதைப் பூசவே வேண்டாம். வளைவில் சாயும்போது டயரின் ஓரம்தான் சாலையைப் பிடிக்கிறது.

கழுவி முடித்து, பூசுவதற்கு முன்னால், பக்கச் சுவரை வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள், ஏனெனில் பாலிஷ் வெடிப்புகளை நன்றாக மறைத்துவிடும். DOT என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தாலோ, நகம் நுழையும் அளவுக்குப் பக்கச் சுவர் வெடித்திருந்தாலோ, பாலிஷுக்கு வைத்திருக்கும் பணத்தைப் புது டயருக்கு எடுத்து வையுங்கள்.